மாணவச் செவிலியர் கேள்வி–பதில்: மூச்சை முழு நிமிஷம் எண்ணுங்கள்

கேள்வி: செவிலியர் பட்டயப் படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைகளைப் பார்க்கும் பயிற்சி. என் சீருடையைக் கண்டதுமே குழந்தைகள் வீறிட்டு அழுகின்றன. எனக்கு இது ஒத்துவராதோ என்று பயமாக இருக்கிறது, அம்மா.
— மாணவி, அச்சங்குளம்

பதில்: பயத்தை விடு, மகளே. அந்த அழுகை உன்னைக் குறித்ததன்று. முன்பு போட்ட ஊசியின் ஞாபகம் அது. உள்ளே நுழைந்ததும் குழந்தையை நோக்கிக் கையை நீட்டாமல், அழைத்து வந்தவரோடு உட்கார்ந்து பேசு. பேசிக்கொண்டிருக்கும்போதே அது உன்னை நிமிர்ந்து பார்க்கிறதா, ஆவலோடு பால் குடிக்கிறதா, அல்லது எதிலும் நாட்டமின்றித் துவண்டு கிடக்கிறதா என்பதையெல்லாம் தொடாமலே அறிந்துகொள்ளலாம். மடியிலிருந்து இறக்காதே. ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக்கொள். காதும் தொண்டையும் கடைசியில்தான்.

உங்கள் வட்டாரத்துக்கென்று இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாய் காலையிலேயே பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆபீஸுக்கோ போய்விடுவதால், குழந்தையைத் தூக்கி வருபவர் பெரும்பாலும் அப்பத்தாவாகவோ அம்மாச்சியாகவோ இருப்பார்; பகலில் குழந்தை என்ன உண்டது என்பது அவருக்குத் தெரியும், இரவில் எத்தனை தரம் பேதியாயிற்று என்பது தாய்க்குத்தான் தெரியும். இருவர் வாயிலாகவும் கேட்டறியாமல் குறிப்பு எழுதாதே. 2021 பிப்ரவரி 12ஆம் தேதி உங்கள் ஊர் ஆலையில் நேர்ந்த வெடி விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நீ அறிவாய். ஆகையால், "வீட்டில் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்ற கேள்வியை ஒருபோதும் விட்டுவிடாதே, கேட்கும்போது குரலைத் தாழ்த்தியே கேள்.

கேள்வி: குழந்தைகள் நலப் பாடத்துக்கு எந்த கைடு நல்லது?
— மாணவி, அருப்புக்கோட்டை

பதில்: கைடு வேண்டாம். புதன்கிழமைகளில் தடுப்பூசி அறையில் காலை முதல் கடைசிக் குழந்தை போகும்வரை நில்.

கேள்வி: லேசான சளி இருந்த குழந்தையைத் தடுப்பூசி போடாமல் திருப்பி அனுப்பினார்கள். அது சரியா?
— மாணவர், ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: தவறு. லேசான சளிக்காகத் தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது. கூலியை இழந்து வந்த தாய் மறுவாரமும் வருவாள் என்பதற்கு யார் உத்தரவாதம்?

கேள்வி: மூச்சை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும் என்று மூத்த மாணவிகள் சொல்கிறார்கள். கூட்டம் மிகுந்த நாளில் அப்படிச் செய்யலாமா?
— மாணவி, சாத்தூர்

பதில்: கூடாது. எந்த நாளிலும் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என்னிடம் சலுகையை எதிர்பார்க்காதே.

சிசுக்களின் மூச்சு கடிகாரம்போல் ஒரே சீராக ஓடுவதில்லை. சில கணம் விரைந்து, சில கணம் தயங்கி, மறுபடி விரையும். அரை நிமிஷத்தில் 24 என்று எண்ணி 48 என்று நீ எழுதிவைத்த எட்டு மாதக் குழந்தை, ஒரே ஒரு மூச்சை நீ தவறவிட்டிருந்தால் உண்மையில் 50ஐ எட்டியிருக்கும். இருமல் சளியோடு வந்த அந்த வயதுக் குழந்தைக்கு நிமோனியா என்று கொள்ள வேண்டிய எல்லையோ சரியாக அந்த 50தான். உன் பெருக்கல் கணக்கு அந்தக் குழந்தையை மருந்தின்றி வீட்டுக்கு அனுப்பிவிடும்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதை அறிந்தால் இவ்வளவு அலட்சியம் வராது. எக்ஸ்ரேயும் பரிசோதனைச் சாலையும் எட்டாத இடங்களில் நிமோனியாவை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்விக்கு, 1980களில் பாப்புவா நியூகினியில் உழைத்த மருத்துவர்கள் மூச்சின் வேகத்தையும் மார்பு உள்ளிழுப்பையும் விடையாகக் கண்டார்கள். நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் அதை நம் குழந்தைகளிடம் சோதித்து, ஒரு வயதுக்குட்பட்டோருக்கு 50, அதற்கு மேற்பட்ட சிறு குழந்தைகளுக்கு 40 என்ற எல்லைகள் நன்கு பயன்படும் என்று 1988இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுவதும் கிராமச் செவிலியர் கையாளும் அளவுகோலில் நம் தமிழ்நாட்டுக் குழந்தைகளின் மூச்சும் அடங்கியிருக்கிறது என்பதை நீ பெருமையோடு நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே, குழந்தை அழுது ஓயும்வரை காத்திரு. சட்டையை மார்புக்கு மேல் உயர்த்தச் சொல். விநாடி முள் உள்ள கைக்கடிகாரத்தைக் குழந்தையின் வயிற்றுக்கு அருகில் பிடித்தால், கண்ணைத் திருப்பாமல் இரண்டையும் ஒருங்கே பார்க்கலாம். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு எல்லை 60. அதை எட்டினால் இன்னொரு முழு நிமிஷம் எண்ணி உறுதிசெய். மூச்சை உள்ளே இழுக்கையில் விலாவின் கீழ்ப்பகுதி குழிந்தாலும், குழந்தை பால் குடிக்க இயலாமல் போனாலும், உண்டதனைத்தையும் வாந்தியெடுத்தாலும், வலிப்பு கண்டாலும், நினைவு மங்கினாலும் தாமதமின்றி மருத்துவரிடம் சேர்ப்பி. கூட்டம் காத்திருக்கட்டும். மூச்சுத் திணறும் குழந்தையால் காத்திருக்க இயலாது.

கேள்வி: தீபாவளி சமயத்தில் தீக்காயத்தோடு வரும் குழந்தைகளுக்கு வீட்டில் இங்க், பற்பசை தடவி அழைத்து வருகிறார்கள். என்ன சொல்வது?
— மாணவி, சிவகாசி

பதில்: எதையும் தடவக் கூடாது, ஐஸும் கூடாது. உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம், பிறகு சுத்தமான துணி, பிறகு மருத்துவமனை. இதைத் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே சொல்லத் தொடங்கு.

கேள்வி: காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் "ஒரு மூடி" கொடு என்று தாய்மார்களுக்குச் சொல்லலாமா?
— மாணவர், திருத்தங்கல்

பதில்: இந்த "ஒரு மூடி" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. எந்த மருந்தின் மூடி? சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100 மில்லிகிராம். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற உச்ச அளவின்படியே பார்த்தாலும் எட்டுக் கிலோக் குழந்தைக்கு 120 மில்லிகிராம்தான் வேண்டும். சிரப் என்று எண்ணிச் சொட்டு மருந்தில் 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். முதலில் எடை, பிறகு பாட்டிலின் மேலுள்ள எழுத்து, அதன் பின்பே அளவு.

கேள்வி: பட்டாசு ஆலையில் வேலை செய்யும் தாய், மருந்துத் தூள் படிந்த உடலோடு வருவதால் தாய்ப்பாலை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார்.
— கிராம சுகாதாரச் செவிலியர் பயிற்சி மாணவி, வெம்பக்கோட்டை

பதில்: நிறுத்த வேண்டாம் என்று உறுதியாகச் சொல். வீட்டுக்கு வந்ததும் குளித்து, உடை மாற்றி, அதன் பிறகு குழந்தையை எடுக்கட்டும். வேலைத் துணியைக் குழந்தையின் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். அப்படியே வீட்டில் பட்டாசுக்கான கருந்திரி முடையும் வழக்கம் உண்டா என்றும் பார். உண்டென்றால், தவழும் குழந்தை உள்ள வீட்டில் அது எவ்வளவு பெரிய அபாயம் என்பதைத் தாயிடமும் பாட்டியிடமும் அவர்கள் மனம் இசையும்வரை எடுத்துச் சொல்.

கேள்வி: மதுரை, சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிகளில்தானே குழந்தைகள் நலச் செவிலியத்தைக் கற்க முடியும்? இங்கே எடை போடுவதைத் தவிர என்ன இருக்கிறது?
— மாணவி, விருதுநகர்

பதில்: எடை போடுவதை அற்பமாக எண்ணாதே. 1980இல் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டியில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறாத குழந்தையைத் தேடிப் பிடித்துச் சத்துணவு கொடுப்பதையே உயிர்நாடியாகக் கொண்டிருந்தது. பார்வைக்குக் கொழுகொழுவென்று தோன்றும் குழந்தையின் எடைக்கோடு இரண்டு மாதமாகப் படுத்துக் கிடப்பதை நீதான் முதலில் காண்பாய். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது கடும் ஊட்டக்குறைவு என்பதையும் நீதான் அளந்து சொல்வாய். பெரிய ஆஸ்பத்திரியின் கட்டிலுக்குப் போகாமலே ஒரு குழந்தையைக் காக்கும் வித்தையை இங்கே மட்டுமே கற்கலாம். நாளைக் காலையில் முதற் குழந்தையை ஏற்றுமுன், தராசின் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கு.