இணையச் சந்தையும் வாங்குவோர் மதிப்புரையும்

கொள்வதும் கொடுப்பதும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன. அவை முறைப்படி நிகழ்தற்குப் பொருளும் பணமும் மட்டும் போதா. கொள்வோன் கொடுப்போன்மீது வைக்கும் நம்பிக்கையும் வேண்டும். ஊர்ச் சந்தைக்குச் செல்பவன் கத்தரிக்காயைக் கையிலெடுத்துப் புழுவுண்டோவெனப் பார்க்கின்றான். நெல்லை உள்ளங்கையிலிட்டு ஊதிப் பார்க்கின்றான். மாம்பழத்தை முகர்ந்து பார்க்கின்றான். விற்பவன் எவ்வூரான், யார் மகன் என்பதையும் அவன் அறிவான். இணையச் சந்தையிலோ இவையொன்றும் இல்லை. பொருள் எங்கோ ஒரு கிடங்கிற் கிடக்கின்றது, விற்பவன் முகமறியாதவன், காணக் கிடைப்பது படம் ஒன்றே.

அறிவு பெறுதற்குரிய வாயில்களைத் தருக்க நூலார் அளவை என்பர். அவற்றுள் தலையாயவை காட்சி, கருதல், உரை என்னும் மூன்றுமாம். உரையளவை என்பது யாவர் கூற்றையும் ஏற்பதன்று. தான் உள்ளவாறுணர்ந்ததை மறையாது கூறும் ஆப்தன் உரையையே ஏற்பது. இணையச் சந்தையிற் காட்சிக்கு இடமில்லை. கருதுவதற்குரிய ஏதுக்களும் மிகச் சில. எனவே எஞ்சி நிற்பது உரையளவை ஒன்றே. முன்னர் அப்பொருளை வாங்கியவர் எழுதிவைக்கும் மதிப்புரையே அவ்வுரையாகும். அதனை எழுதுவோர் ஆப்தர்தாமா என்பதை எவ்வாறு அறிவது? எழுதாதிருப்போரை எவ்வாறு எழுதச் செய்வது? இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராய்வாம்.

மதிப்புரை எழுந்த காரணம்

அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜோர்ஜ் அக்கர்லொவ் 1970 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றிற் பழைய மோட்டார் வண்டிச் சந்தையை எடுத்துக்காட்டினார். வண்டியின் குறையை விற்பவன் அறிவான், வாங்குபவன் அறியான். ஆதலின் வாங்குபவன் எந்த வண்டிக்கும் ஐயத்துடன் குறைந்த விலையே கேட்பான். நல்ல வண்டியுடையோர் அவ்விலைக்கு விற்க மனமின்றிச் சந்தையை விட்டு நீங்குவர். ஈற்றிற் பழுதுற்ற வண்டிகளே எஞ்சும். அறியாமை வாங்குவோனை மட்டுமன்றி நேர்மையான வணிகனையும் கெடுக்கும் என்பதே இதன் கருத்து. இவ்வாராய்ச்சித் துறைக்காக 2001 இல் அவர் வேறிருவருடன் நோபல் பரிசு பெற்றார்.

முகமறியாதார் கூடும் இணையச் சந்தைக்கு இவ்விடர் பன்மடங்கு பொருந்தும். 1995 இற் புத்தகக் கடையாகத் தொடங்கிய அமேசன், வாங்குவோர் தம் கருத்தைப் பொருளின் கீழேயே எழுத இடமளித்தது. அதே ஆண்டில் ஏலச் சந்தையாகத் தொடங்கிய ஈபே, 1996 இல் விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் மதிப்பிடும் முறையை ஏற்படுத்தியது. தன் பொருளை இகழும் உரையைத் தன் கடையிலேயே தொங்கவிடும் வணிகன் உண்டோ எனப் பலர் வியந்தனர். ஆயினும் குறையும் கூறப்படும் இடத்திலேயே நிறையும் நம்பப்படும் என்பது காலப்போக்கிற் புலனாயிற்று.

அனுமதிக்கும் முறை

மதிப்புரையை ஏற்குமுன் எழுதுபவர் யாவர் என்பது முதலில் ஆராயப்படும். இதில் இருவேறு கொள்கைகள் உள. விடுதி அறைகளைப் பதிவு செய்யும் எக்ஸ்பீடியா, தன் வழியாகப் பதிவு செய்தவரையே எழுத விட்டது. ட்ரிப் அட்வைசர் எவரையும் எழுத விட்டது. இவ்விரண்டையும் ஒப்பிட்டு 2014 இல் வெளியான ஆராய்ச்சியொன்று, அயலிற் போட்டி விடுதியுடைய விடுதிகள் பின்னையதிற் கூடுதலான இகழுரைகளைப் பெற்றிருந்தமையைக் காட்டியது. வாயில் அகலமாயின் உரை பெருகும். அதனுடன் பகைவனும் நுழைவான். வாயில் குறுகலாயின் பொய் குறையும். அதனுடன் உரையும் குறையும். அமேசன் இடைப்பட்ட வழியைக் கொண்டது. தன்னிடம் ஒரு குறித்த அளவு பணத்துக்கேனும் பொருள் வாங்கியோரை எழுதவிட்டு, அப்பொருளையே வாங்கியவர் உரைக்கு மட்டும் ‘உறுதிசெய்யப்பட்ட கொள்வனவு’ என்னும் அடையாளம் இடுகின்றது.

அடுத்து, எழுதப்பட்டது யாது என்பது ஆராயப்படும். வசைமொழி, பிறர் முகவரி, விளம்பரம், விற்பவன் தன் பொருளைத் தானே புகழ்தல் ஆகியன விலக்கப்படும். பொதி காலந்தாழ்த்தி வந்தது என்னும் முறைப்பாடு பொருளைப் பற்றியதன்றாகலின் அதற்குரிய வேறிடத்திற்கு அனுப்பப்படும். நாடோறும் வந்து குவியும் உரைகளை மனிதர் ஒவ்வொன்றாய்ப் படித்தல் இயலாதாகலிற் கணினியே முதலிற் சலிக்கின்றது. ஐயத்துக்குரியவை மனிதர் பார்வைக்கு வருகின்றன.

இங்கு ஓர் உண்மையை நாம் மறத்தலாகாது. உரையொன்றை நீக்குதற்குக் காரணம் அதன் நெறியின்மையாதல் வேண்டும். அதன் கசப்பாதல் கூடாது. அனுமதி என்னும் அதிகாரம் பிழைபட்டவாற்றை அமெரிக்க ஆடை வணிக நிறுவனமாகிய ஃபஷன் நோவாவின் வழக்கு விளக்கும். நான்கும் ஐந்தும் ஆகிய நட்சத்திரம் பெற்ற உரைகள் அந்நிறுவனத்தின் தளத்திற் தாமாகவே வெளியாயின. அவற்றிற் குறைந்தவை அனுமதிக்காக நிறுத்திவைக்கப்பட்டு, வெளிவராமலே கிடந்தன என அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. 2022 இல் அந்நிறுவனம் 42 இலட்சம் டொலர் செலுத்த இணங்கியது. வெளியான உரைகளிற் பொய் யாதும் இல்லாவிடினும், மறைத்தலினாலே முழுமையும் பொய்யாயிற்று என்பதைக் கவனிக்க.

ஊக்குவிக்கும் முறை

பொருளைப் பெற்றவரிற் பலர் ஒன்றும் எழுதுவதில்லை. மிக மகிழ்ந்தவரும் மிக வெகுண்டவருமே பெரும்பாலும் எழுதுவர். ‘பரவாயில்லை’ என்று எண்ணும் நடுநிலையாளர் வாளாவிருப்பர். ஆதலின் ஐந்து நட்சத்திரம் மலைபோற் குவிந்தும், ஒரு நட்சத்திரம் சிறு மேடாய் உயர்ந்தும், இடைப்பட்டவை பள்ளமாயும் அமைதலை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். இக்குறையை நீக்கவே ஊக்குவித்தல் வேண்டப்படுகின்றது.

பொருள் சேர்ந்த சில நாட்களின் பின் ஒரு நினைவூட்டுக் கடிதம் அனுப்புதல். எழுத நேரமில்லார் நட்சத்திரத்தை மட்டும் தொட்டுச் செல்ல விடுதல். ‘இவ்வுரை பயன்பட்டதா’ எனப் படிப்போரை வினவி எழுதியவரைச் சிறப்பித்தல் ஆகியன குற்றமற்ற முறைகளாம். இவற்றுள் யாதும் ‘நன்றென எழுதுக’ என்று கூறவில்லை. ‘எழுதுக’ என்றே கூறுகின்றது.

பொருளை இலவசமாகவோ விலைகுறைத்தோ கொடுத்து உரை பெறுதலோ வேறு வகையானது. கொடுத்தவன் புகழுரை வேண்டுமென்று கேளாவிடினும், பெற்றவன் நெஞ்சிற் செஞ்சோற்றுக் கடன் உறுத்தும். இதனை உணர்ந்த அமேசன், விற்பவர் தாமே இவ்வாறு இலவசப் பொருள் கொடுத்து உரை பெறுவதை 2016 இற் தடைசெய்தது. புத்தகங்களுக்கு மட்டும் பழைய வழக்கம் விடப்பட்டது. 2007 இல் தொடங்கிய ‘வைன்’ என்னும் திட்டத்தில், உரையாளரைச் சந்தையே தெரிந்தெடுக்கின்றது. அவர் யாரென விற்பவன் தெரிந்தெடுக்க முடியாது. இலவசமாகப் பெற்ற பொருள் என்பதும் உரையிற் குறிக்கப்படும்.

அச்சமும் உரையைக் கெடுக்கும். ஈபேயின் மதிப்புரைகளை ஆராய்ந்து 2002 இல் வெளியான கட்டுரையொன்று, வாங்குவோர் எழுதியவற்றுள் 99.1 வீதம் புகழுரையே எனக் காட்டியது. அத்துணைப் பேரும் திருப்தியுற்றனரோ? நாம் இகழின் அவரும் நம்மை இகழ்வர் என்னும் அச்சமும் இதற்கு ஒரு காரணமாயிற்று. 2008 இல் ஈபே, விற்பவர் வாங்குபவர்மீது இகழுரை எழுதுதலை நிறுத்தியது. வீட்டறைகளை வாடகைக்கு விடும் ஏர்பிஎன்பி 2014 இல் வேறொரு வழி கண்டது. இருதிறத்தாரும் எழுதி முடித்த பின்னரே, அன்றி 14 நாள் கழிந்த பின்னரே இரு உரைகளும் ஒருங்கே வெளியாகும். பிறர் எழுதியதைப் பார்த்துப் பழிவாங்க இடமில்லாது போயிற்று.

பொய்யுரையும் சட்டமும்

உரை பணமாகும் இடத்தில் உரைக்கு விலை பிறத்தல் இயல்பே. சியாற்றில் நகர உணவகங்களைப் பற்றி ஹாவாட் பேராசிரியர் மைக்கல் லூக்கா 2011 இற் செய்த ஆய்வு, யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடின் வருவாய் 5 முதல் 9 வீதம் வரை கூடுமெனக் கண்டது. தனியார் நடத்தும் சிறு உணவகங்களுக்கே இது பொருந்திற்று. பெயர்பெற்ற தொடர்க் கடைகளுக்குப் பொருந்தவில்லை. பெயர் இல்லாதவனுக்கே பிறர் உரை உயிராகின்றது என்பது இதனாற் பெறப்படும். ஒரு பொய்யுரையாற் பெரிதும் மடிபவனும் அவனே.

2015 இற் கூலிக்குப் பொய்யுரை எழுத முன்வந்த ஆயிரத்துக்கு மேற்பட்டோர்மீது அமேசன் வழக்குத் தொடுத்தது. 2019 இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு ஒரு கம்பனிமீது வழக்குக் கொண்டுவந்தது. நாம் மீன்குழம்பிலிடும் கொறுக்காயின் இனத்ததாகிய ஒரு பழத்தின் சாற்றை உடல் மெலியும் மருந்தென விற்ற கம்பனி அது. தன் மருந்துக்கு 4.3 நட்சத்திரம் நிலைத்து நிற்குமாறு அது கூலி கொடுத்து உரை எழுதுவித்தது என்பது குற்றச்சாட்டு.

இப்பொழுது அரசுகளும் விழித்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே முதலாக, மதிப்புரைகள் உண்மையில் வாங்கியோருடையனவா என்பதை எவ்வாறு உறுதிசெய்கின்றனர் என வணிகர் வெளியிடல் வேண்டும். இந்தியா அதே ஆண்டில், விரும்பி ஏற்போர்க்குரிய தர நியமம் ஒன்றை வகுத்தது. அமெரிக்காவில் 2024 ஒற்றோபரில் நடைமுறைக்கு வந்த விதி, பொய்யுரையை விற்றலையும் வாங்கலையும், புகழ்ந்தாற்தான் பரிசு என்னும் நிபந்தனையையும் விலக்குகின்றது. கணினியே இயற்றிய பொய்யுரையும் அதனுள் அடங்கும். பிரித்தானியாவிற் பொய்யுரைத் தடை 2025 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்தது.

நம் கடன்

சட்டம் பொய்யனைத் தண்டிக்கலாம். வாய் திறவாத மெய்யனைப் பேசவைத்தல் அதனால் ஆகாது. அது வாங்குவோராகிய நம் கடனேயாம். படிக்குங்கால் நட்சத்திரத்தின் சராசரியை மட்டும் நோக்காது, எத்தனை பேர் எழுதினர், எக்காலத்தில் எழுதினர், வாங்கியவர்தாமா என்பனவற்றை நோக்குதல் வேண்டும். ஒரே நாளிற் குவிந்த ஒரேவகைப் புகழ்ச்சி ஐயத்துக்குரியது. நிறையும் குறையும் ஒருங்கு கூறும் மூன்று நட்சத்திர உரை பெரும்பாலும் பயன் மிக்கது.

எழுதுங்காற் பொருளைச் சில நாள் கையாண்ட பின்னர் எழுதுக. எதற்கு வாங்கினோம், அதற்கு உதவிற்றா என்பதைக் கூறுக. தபாற்காரன் தாமதத்தை உற்பத்தியாளன் தலையிற் சுமத்தாது விடுக. இலவசமாகவோ உறவினரிடமோ பெற்றிருப்பின் அதனை வெளிப்படக் கூறுக. கோபந் தணிந்த பின் எழுதுக. அஞ்சி எழுதாதிருத்தலைத் தவிர்க்க.

நாம் வாங்கிய பழுதுற்ற மின்விளக்கைப் பற்றி வாய் திறவாதிருப்பின், நாளை அதே விளக்கை வாங்கிப் பிள்ளையின் படிப்பு மேசையில் வைப்பவர் நாம் ஒருபோதும் காணாத ஒரு தாயாராவர். நல்ல பொருள் செய்து பெயரறியாது கிடக்கும் ஒரு சிறு தொழிலாளியைப் பற்றி நாம் எழுதும் நான்கு வரி, அவர் தொழிலை நிலைநிறுத்தவுங்கூடும். சந்தை எத்துணைப் பெரிதாயினும், அதனிடத்து நிலவும் நம்பிக்கை இத்தகைய நான்கு வரிகளினாலேயே ஆயது. கற்றோராகிய நம்மவர் அந்நான்கு வரிகளை எழுதுதற்குச் சோம்பாதிருப்பாராக.