பைபர் படகின் அடி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் வங்காலையிலும் கரையேற்றி வைத்திருக்கும் சிறு படகுகளில் பெரும்பாலானவை இன்று பைபர் கிளாஸ்தான். 1960களின் பிற்பகுதியில் நோர்வே உதவியோடு தொடங்கிய சீநோர் நிறுவனம், காரைநகரில் படகு கட்டத் தொடங்கிய காலத்திலிருந்து கணக்கிட்டால், வடபகுதியில் மரத்தின் இடத்தைப் பைபர் பிடித்து அரை நூற்றாண்டாகிறது. படகு மாறிவிட்டது. அடியைத் துப்புரவாக்கிப் பூசும் வழக்கம் மட்டும் மரப்படகுக் காலத்திலேயே நிற்கிறது. சோளகம் அடிக்கும்போது மன்னார்த் தீவின் தென்கரையிலும், வாடைக் காலத்தில் வடகரையிலும் படகுகள் மேலேறும். அடி வேலை நடப்பது அந்த நாட்களில்தான். கடல் கெடுக்கும் படகுகளைவிட நாமே உரஞ்சிக் கெடுக்கும் படகுகள் அதிகம் என்பது என் கருத்து.

“கெட்டியாகப் பிடித்த சிப்பியை இரும்பால் சுரண்டினால்தான் போகும்”

இந்த நம்பிக்கையால் கெட்ட படகுகளே அதிகம். பைபர் படகின் வெளிப்புறத்தில் வழுவழுப்பாக, நிறத்தோடு இருக்கும் படைக்கு ஜெல்கோட் என்று பெயர். அதன் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். தண்ணீருக்கும் உள்ளேயிருக்கும் கண்ணாடி இழைக்கும் நடுவே அது ஒன்றுதான் காவல். வெட்டுக்கத்தியோ மண்வெட்டியோ ஒருமுறை சறுக்கினால் போதும், அந்தக் காவல் அறுந்துவிடும். பிறகு ஒவ்வொரு தடவை கடலில் இறக்கும்போதும் அந்தக் கீறல் வழியே தண்ணீர் இழைக்குள் ஏறும்.

படகு கரையேறிய அன்றே, அடி ஈரமாக இருக்கும்போதே வேலையைத் தொடங்க வேண்டும். பாசி தும்புத் தூரிகைக்கே போய்விடும். சிப்பியை மரத்துண்டின் சீவிய விளிம்பாலோ தடித்த பிளாஸ்டிக் தகட்டாலோ பக்கவாட்டில் தள்ளினால் ஓடு கழன்று வரும். இரண்டு நாள் வெயிலில் காயவிட்டால் அதே ஓடு கல்லாகப் பிடித்துக்கொள்ளும். ஓடு போன இடத்தில் ஒரு சத அளவில் வெள்ளை வட்டம் மிஞ்சும். அது சிப்பியின் சுண்ணாம்பு அடித்தட்டு. அதைப் போக்கத்தான் பலர் கழிவறை அசிட்டைத் தூக்குகிறார்கள். அசிட் சுண்ணாம்பைக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் ஜெல்கோட் கீறியிருந்தால் உள்ளே போய்க் கண்ணாடி இழையையும் அரிக்கும். படகு கட்டப் பாவிக்கும் சாதாரண இழைக்கு அசிட்டைத் தாங்கும் குணம் குறைவு. கீறல் இல்லாத இடத்தில், நன்றாக ஐதாக்கி, சில நிமிடம் மட்டும் விட்டு, நல்ல தண்ணீரால் கழுவத் தெரிந்தவர் செய்யலாம். மற்றவர்கள் வெள்ளை வட்டத்தை ஈரமான சான்ட்பேப்பரால் மெதுவாகத் தேய்த்தாலே போதும். இலேசான தடம் மிஞ்சினால் மிஞ்சட்டும், அதனால் படகுக்கு ஒரு கேடும் இல்லை.

“பழைய இஞ்சின் ஒயில் பூசினால் அடி நீடிக்கும்”

மரப்படகுக்கு எண்ணெய் பூசியதில் காரணம் இருந்தது. சுறா எண்ணெய் மரத்துக்குள் இறங்கி, வெடிப்பையும் தண்ணீர் ஏறுவதையும் குறைத்தது. பைபருக்குள் எண்ணெய் இறங்க இடமில்லை, மரம் துளைக்கும் புழுவுக்கும் அங்கே வேலையில்லை. பூசிய ஒயில் சும்மா மேலே கிடந்து, கடலில் இறக்கியதும் படலமாக மிதக்கும். கீறலுக்குள் போன மிச்சம், நாளை பழுது பார்க்கும்போது ரெசின் பிடிக்காமல் தடுக்கும். தார் பூசிய இடத்திலும் இதே தொல்லைதான். தாரைச் சுரண்டி எடுக்கப் போய் ஜெல்கோட்டும் சேர்ந்து போகும்.

“கொப்புளம் வருவது உப்புத் தண்ணீரால்”

தண்ணீரால் என்பது சரி, உப்பால் என்பது தவறு. ஜெல்கோட்டைத் தண்ணீர் மெல்ல ஊடுருவும். உள்ளே சரியாக இறுகாத ரெசினிலிருந்து கரையக்கூடிய பொருட்களை எடுத்துக்கொண்டு சிறு குமிழியாகத் தேங்கும். அந்தக் கரைசல் மேலும் தண்ணீரை இழுக்கும், அழுத்தம் ஏறும், மேற்படை கொப்பளிக்கும். கொப்புளத்தை ஆணி முனையால் குத்திப் பாருங்கள். பிசுபிசுப்பான நீர் வரும், வினாகிரி போல் புளிப்பு மணக்கும். இந்த இழுவை உப்பு நீரைவிட நன்னீரில்தான் கூடுதல். ஆகவே மாரி மழைத் தண்ணீரை மாதக்கணக்கில் படகுக்குள்ளேயே தேங்கவிடுவது, கடலில் ஓடவிடுவதைவிடக் கேடு. அணியத்தைச் சற்று உயர்த்தி, அடைப்பைக் கழற்றி வையுங்கள். நாள்தோறும் கரையேறும் படகுக்குக் கொப்புளம் குறைவு. நங்கூரத்திலேயே கிடக்கும் படகுக்கு அதிகம்.

“பைபருக்கு உக்கலும் இல்லை, துருவும் இல்லை”

கண்ணாடி இழைக்கு இல்லை. அதற்குள் வைத்து மூடிய பொருளுக்கு உண்டு. இஞ்சின் பூட்டும் பின்பலகைக்குள் பெரும்பாலான படகுகளில் பலகையோ பிளைவூட்டோ இருக்கிறது. போல்ட் துளையை அடைக்காமல் விட்டால் அந்த வழியே தண்ணீர் போய், வெளியே பளபளப்பு குறையாமலே உள்ளே மரம் உக்கிவிடும். ஒரு நாணயத்தால் பின்பலகை முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், உக்கிய இடம் மந்தமாக ஒலிக்கும். துளையிலிருந்து கபில நிறத் தண்ணீர் கசிந்தால் வேறு சோதனை வேண்டியதில்லை.

1953இல் அமெரிக்காவில் பைபர் உடலோடு வந்த கோர்வெட் காரிலும் இதே கதைதான். உடல் துருப்பிடிக்காது என்று நம்பி வாங்கியவர்களின் கார்களில், அதைத் தாங்கிய இரும்புச் சட்டம் துருவில் கரைந்தது. இன்று அந்தப் பழைய கார்களைப் புதுப்பிப்பவர்களில் கைதேர்ந்தவர்கள் அடிப்பக்கத்தைக் கிரைண்டரால் மினுக்குவதில்லை. சேற்றையும் பின்னாளில் அப்பிய பூச்சையும் மட்டும் பொறுமையாக எடுத்து, தொழிற்சாலை விட்ட மேற்பரப்பை அப்படியே காப்பாற்றுகிறார்கள். நம் படகுக்கும் அந்தப் பொறுமை வேண்டும். வெளுத்துத் தூளாகும் ஜெல்கோட்டில் கெட்டது மேற்பரப்பு மட்டும்தான். இழை தெரியும்வரை தேய்ப்பவர் நல்ல படையையும் சேர்த்தே அழிக்கிறார்.

“வெடிப்பின் மேல் ரெசினைத் தடிப்பாக ஊற்றினால் போதும், ஹார்ட்னர் கூடினால் பலம் கூடும்”

இரண்டும் பிழை. இறுகிய பைபரோடு புது ரெசின் இரசாயனமாக இணைவது மிகக் குறைவு. சொரசொரப்பைப் பற்றிக்கொண்டுதான் நிற்கும். ஆகவே வெடிப்பின் இருபுறமும் சாய்வாகத் தேய்க்க வேண்டும். தடிப்பு ஒரு பங்கென்றால் சாய்வு பன்னிரண்டு பங்கு நீளம் இருப்பது நல்லது. அதற்கும் முன்னே நல்ல தண்ணீரால் கழுவி, பல நாள் காயவிட வேண்டும். உப்பு ஒட்டியிருந்தால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டேயிருக்கும். தீவில் நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு இருப்பது தெரியும். ஆனாலும் இந்தக் கழுவலில் சிக்கனம் பார்க்க வேண்டாம். பிறகு அசிட்டோனால் துடைத்து, மாட் துண்டுகளைப் படை படையாக வைத்து, காற்றுக் குமிழி போக உருட்ட வேண்டும். ஹார்ட்னர் பொதுவாக ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம். கூட்டினால் சூடேறிச் சுருங்கி வெடிக்கும். மன்னார் மத்தியான வெயிலில் அளவாகக் கலந்ததே கைக்குள் இறுகிவிடும் என்பதால் காலையில், நிழலில் செய்யுங்கள். ஹார்ட்னரையும், ரெசின் விரைவாக இறுகச் சேர்க்கும் கோபால்ட்டையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள். தீப்பற்றும், வெடிக்கவும் கூடும்.

“சிப்பி பிடிக்காத பெயின்ட் எல்லாப் படகுக்கும் வேண்டும்”

தண்ணீரிலேயே கிடக்கும் படகுக்குத்தான் அது வேண்டும். நாள்தோறும் மணலில் இழுபடும் படகில் அந்தப் பெயின்ட் மணலோடு போகும், காசு வீண். பழைய டின்கள் யாரிடமாவது இருந்தால், டிபிடி என்ற வெள்ளீயச் சேர்மம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பிரான்சின் ஆர்காஷோன் குடாவில் 1970களின் பிற்பகுதியில் சிப்பி வளர்ப்பைச் சீரழித்த நஞ்சு அது. 2008 முதல் உலகளவில் கப்பல்களுக்குத் தடை. அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் அப்பால் முத்துச்சிப்பிப் பார்கள் உள்ள கடலில் அது ஒரு துளியும் விழக்கூடாது.

பைபரைத் தேய்க்கும்போது பறக்கும் தூளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024இல் இங்கிலாந்தின் சிசெஸ்டர் துறைமுகத்துச் சிப்பிகளின் உடலுக்குள் கண்ணாடி இழைத் துகள்களைக் கண்டுபிடித்தார்கள். படகுப் பழுது வேலைகளிலிருந்து வந்தவை என்பதே ஆய்வாளர்களின் கருத்து. ஆகவே தேய்க்கும்போது மூக்கை நல்ல முகமூடியால் மூடுங்கள், துணி போதாது. அலை தொடும் இடத்துக்கு மேலே படகை ஏற்றி, கீழே தறப்பாள் விரியுங்கள். விழுந்த தூளைச் சாக்கில் கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுங்கள். மணலில் மூடவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம்.