காது குடைகிறதா? கடைவாய்ப் பல்லையும் பாருங்கள்

இரவு இரண்டு மணிக்கு இடது காதுக்குள் யாரோ துரப்பணம் போடுவது போல ஒரு குடைச்சல். அம்மா எழுந்து நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சி, கரண்டியோடு வந்து நின்றுவிட்டார். எப்படியோ சமாதானம் சொல்லித் தடுத்து, விடியும்வரை உட்கார்ந்தே கழித்தேன். மறுநாள் காது மூக்கு தொண்டை மருத்துவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "காது சுத்தமா இருக்கு. எங்க, வாயைத் திறங்க" என்றார். நாக்கை அழுத்தும் தகட்டின் நுனியால் கீழ்க் கடைவாய்ப் பல்லை லேசாகத் தட்டினார். நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டேன். வலித்தது காது, கெட்டுக் கிடந்தது பல்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. முகத்தின் உணர்ச்சிகளை மூளைக்குக் கொண்டுபோகும் ஐந்தாவது மூளை நரம்புக்கு மூன்று கிளைகள் உண்டு. கீழ்த்தாடைப் பற்களுக்குப் போகும் மூன்றாவது கிளையிலிருந்தே ஒரு பிரிவு தாடை மூட்டுக்கும், காதுமடலின் முன்பகுதிக்கும், காதுக் குழாயின் ஒரு பகுதிக்கும் போகிறது. இரண்டு வாசலுக்கும் ஒரே காலிங் பெல் வைத்த வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மணி அடிக்கும், எந்த வாசலில் ஆள் நிற்கிறார் என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. பல் அழுத்திய மணிக்கு மூளை காது வாசலைத் திறந்து பார்க்கிறது.

எந்த வாசல் என்று ஓரளவு நாமே கண்டுபிடிக்கலாம். படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: முதலில் காதைச் சோதியுங்கள்

காதுமடலை மெதுவாக மேலும் பின்னும் இழுங்கள். காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சின்னக் குருத்தெலும்பு மேட்டை விரலால் அழுத்துங்கள். சுருக்கென்று வலித்தால் காதுக் குழாயிலேயே புண்ணோ தொற்றோ இருக்க வாய்ப்பு அதிகம். சீழ், நீர் வடிதல், காது மந்தமாகக் கேட்பது, சளியும் காய்ச்சலுமாக வந்த காது வலி ஆகியவையும் காதையே காட்டுகின்றன. இவை எதுவும் இல்லாமல் வலி மட்டும் விண் விண் என்று தெறித்தால் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: வாய்க்குள் தேடுங்கள்

கண்ணாடி முன் நின்று, செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு, வலிக்கும் பக்கத்துக் கீழ்வரிசையைக் கடைசிப் பல் வரை பாருங்கள். கறுத்த குழி, உடைந்த விளிம்பு, பழைய அடைப்பு பெயர்ந்த இடம், ஈறில் பரு போன்ற சிறு கொப்புளம் ஆகியவற்றைத் தேடுங்கள்.

பிறகு சிறு கரண்டியின் காம்பால் பற்களை ஒவ்வொன்றாக மேலிருந்து மெல்லத் தட்டுங்கள். ஒன்று மட்டும் தனியாகக் கூசினாலோ வலித்தாலோ அதன் வேரடியில் அழற்சி இருக்கலாம். குளிர்ந்த நீரை ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள். கூச்சம் ஓரிரு நொடியில் அடங்கினால் பெரும்பாலும் பல்லின் உள்நரம்பு தேறக்கூடிய நிலையில் இருக்கிறது. நீரைத் துப்பிய பிறகும் வலி நின்று குத்திக்கொண்டிருந்தால், சொத்தை நரம்பை எட்டியிருக்கலாம். படுத்தால் வலி கூடுவதும் பல் வலியில் அடிக்கடி தெரியும் அடையாளம். தலை தாழும்போது பல்லுக்குள் ரத்த அழுத்தம் ஏறுகிறது.

வயது 17-லிருந்து 25-க்குள் என்றால் ஞானப்பல்லைச் சந்தேகியுங்கள். இடமில்லாமல் சாய்ந்து முளைக்கும் பல்லின் மேல் ஈறு மூடியிருக்கும். அதற்கடியில் சோறும் கிருமியும் சேர்ந்து வீங்கும். வாய் திறக்க முடியாமல் போகும், காதும் சேர்ந்து வலிக்கும்.

சமீபத்தில் கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவரா? இரண்டாம், மூன்றாம் நாள் வலி குறைவதற்குப் பதில் கூடி காதுவரை பரவினால், குழியில் உறைந்திருந்த ரத்தக்கட்டி கழன்று எலும்பு வெளியே தெரிகிறது என்று அர்த்தம். பொறுத்துக்கொண்டிருக்காமல், பல்லை எடுத்த மருத்துவரிடமே திரும்பிப் போங்கள்.

படி 3: தாடை மூட்டைத் தொட்டுப் பாருங்கள்

இரு கைச் சுட்டுவிரல்களையும் காதுகளுக்குச் சற்று முன்னால் வைத்து, வாயைத் திறந்து மூடுங்கள். 'டக்' என்ற சத்தம், வலி, அல்லது தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போவது தெரிகிறதா? உங்கள் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே நுழைக்க முடிகிறதா? முடியாவிட்டால் மூட்டோ, மெல்லும் தசையோ இறுகியிருக்கலாம். காலையில் எழும்போதே காதும் கன்னமும் வலித்தால், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். அப்படியானால் சில வாரங்களுக்கு முறுக்கு, கடலை மிட்டாய், கரும்பு வேண்டாம். வெதுவெதுப்பான துணி ஒத்தடம் தசையைத் தளர்த்தும். இரவில் பற்களுக்கு நடுவே அணியும் உறையைப் பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து தருவார்.

படி 4: மருத்துவரைப் பார்க்கும்வரை

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து கொப்பளியுங்கள். பல் இடுக்கில் சிக்கியதை நூலால் எடுங்கள். கன்னம் வீங்கியிருந்தால் ஐஸைத் துணியில் சுற்றி வெளிப்பக்கம் 10 நிமிடம் ஒற்றுங்கள். தலையணையை உயர்த்திப் படுங்கள். பெரியவர்கள் பாரசிட்டமால் 500 மி.கி. ஒன்றோ இரண்டோ, வேளைக்கு வேளை குறைந்தது 4 முதல் 6 மணி நேர இடைவெளியில் போடலாம். 24 மணி நேரத்தில் மொத்தம் 4 கிராமைத் தாண்டக் கூடாது. சளி மாத்திரைகளிலும் அதே மருந்து இருக்கும் என்பதால் அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கல்லீரல் கோளாறோ மதுப் பழக்கமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே போட வேண்டும்.

படி 5: இவற்றைச் செய்யாதீர்கள்

காதில் எண்ணெய் ஊற்றாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நடுக்காதுக்குள் இறங்கும், சூடாக இருந்தால் தோலும் வெந்துபோகும். ஹேர்பின், கோழி இறகு, பட்ஸ் எதுவும் காதுக்குள் போக வேண்டாம். வலிக்கும் பல்லின் பக்கத்தில் ஆஸ்பிரின் மாத்திரையை அடக்கி வைத்தால் ஈறு வெந்து வெளுக்கும். கிராம்புத் தைலமும் அளவு மீறினால் அப்படித்தான், பஞ்சில் ஒரு துளி போதும். போன வருடம் மிச்சமான ஆன்டிபயாட்டிக்கை எடுத்து விழுங்காதீர்கள். அது சொத்தையை அடைக்காது.

படி 6: யாரிடம் போவது, என்ன சொல்வது

படி 1-இல் சிக்கியவர்கள் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும், படி 2, 3-இல் சிக்கியவர்கள் பல் மருத்துவரிடமும் போகலாம். "காது வலிக்குது" என்பதோடு நிறுத்தாமல் எத்தனை நாளாக, எந்த நேரத்தில், மெல்லும்போதா, படுக்கும்போதா, குளிர்ந்த நீர் பட்டாலா என்று சொல்லுங்கள். சர்க்கரை நோய், கர்ப்பம், ரத்தத்தை இளக்கும் மாத்திரை, மருந்து ஒவ்வாமை எதையும் மறைக்காதீர்கள். எக்ஸ்ரே பார்த்துவிட்டு அடைப்பதா, ரூட் கேனால் செய்வதா, பிடுங்குவதா என்று அவர் முடிவு செய்வார்.

காதும் பல்லும் இரண்டுமே சுத்தம் என்றாலும் வலி இரண்டு, மூன்று வாரமாக நீடித்தால் விட்டுவிடாதீர்கள். அடிநாக்கு, டான்சில், தொண்டை ஆகியவற்றின் புற்றுநோயும் வேறு நரம்புகள் வழியே காது வலியாக முதலில் தலைகாட்டலாம். புகையிலை, வெற்றிலை பாக்கு, பான் மசாலா, சிகரெட், மதுப் பழக்கம் உள்ளவர்களும், ஆறாத வாய்ப்புண், குரல் மாற்றம், கழுத்துக் கட்டி உள்ளவர்களும் தொண்டையைக் கட்டாயம் சோதித்துக்கொள்ள வேண்டும்.

படி 7: காத்திருக்கக் கூடாத நேரம்

கன்னமோ தாடையின் அடிப்பகுதியோ வேகமாக வீங்குவது, எச்சில்கூட விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல், வாய் திறக்க முடியாமையோடு காய்ச்சல் ஆகியவை பல்லின் சீழ் கழுத்துக்குள் இறங்குவதைக் காட்டலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இது வேகமாகப் பரவும். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தமிழ்நாட்டில் இருந்தால் 108-ஐ அழையுங்கள். தாடை வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தால் அது இதயத்தின் மணியாகவும் இருக்கலாம். அப்போதும் அதே எண்தான்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. நாலைந்து நாள் உயிரை எடுத்த வலி ஒரு காலையில் சட்டென்று காணாமல் போகும். காது குணமாகிவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். பல்லின் உள்நரம்பு செத்துப்போயிருக்கலாம். மணி அடிப்பது நின்றாலும் வேரடியில் கிருமி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். பல் மருத்துவரிடம் வாங்கிய நேரத்தை ரத்து செய்யாமல் போய் வாருங்கள்.