மலிவும் சிக்கனமும்
(பண்டகசாலைச் சரக்கை மதிப்பிடும் முறை)

சிக்கனம் வேறு, மலிவு வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் நட்டம் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் ஏறுவதில்லை. அங்கத்தினர் வீட்டு அடுப்பங்கரையில் ஏறுகிறது. இவ்வுண்மையை நான் கல்லூரியில் கற்கவில்லை. தணிக்கைக்குச் சென்ற இடத்தில் ஒரு மூதாட்டியிடம் கற்றேன்.

தாமிரபரணிக் கரையிலுள்ள ஒரு நெசவாளர் சங்கத்தின் பண்டகசாலை அது. கொள்முதல் பதிவேட்டைப் பார்வையிட்டேன். துவரம்பருப்புக்கு மூன்று விலைப்புள்ளிகள் பெற்று, அவற்றுள் மிகக் குறைந்ததையே நிருவாகக் குழுவினர் ஏற்றிருந்தனர். ரசீதுகளும் ஒழுங்காக இருந்தன. ‘கொள்முதல் சிக்கனமாக நடைபெற்றுள்ளது’ என்று குறிப்பு எழுதிவிட்டு வெளியே வந்தேன். அங்கே முறமும் கையுமாக அமர்ந்திருந்த முதிய அம்மையார் ஒருவர், “ஐயா, கணக்குப் பாக்க வந்தவுகளா? இந்தப் பருப்பையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க” என்றார்.

“பருப்புக்கு என்ன ஆச்சி?” என்று கேட்டேன்.

“மலிவுன்னுதான் வாங்குனேன். கல்லும் தூசியும் பொறுக்கவே அரைமணி நேரம் ஆகுது. அடுப்புல வச்சா வேகமாட்டேங்கு. அந்த நேரத்துல நாலு தார் சுத்தியிருப்பேன்” என்றார்.

நான் உள்ளே திரும்பிச் சென்று, அதே மூட்டையிலிருந்து ஒரு கிலோ எடுத்துப் புடைத்து நிறுக்கச் செய்தேன். சமைக்கத் தகுந்த பருப்பு 880 கிராமே தேறியது. என் குறிப்பைத் திருத்தி எழுதினேன். காகிதத்தைப் பார்த்துச் சரக்கைப் பாராமல் விட்டது சங்கத்தின் குறை மட்டும் அன்று. என் குறையும் ஆகும்.

நெசவாளர் கண்ட வழி

உழைப்பாளியின் சிறு பணத்துக்குக் கலப்படச் சரக்கு விற்கப்படும் கொடுமை நமக்கு மட்டும் உரியதன்று. அதற்கு வழி கண்டவர்களுள் நெசவாளரும் இருந்தனர் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில், நெசவாளர் பலர் உள்ளிட்ட 28 தொழிலாளர்கள் தலைக்கு ஒரு பவுன் சேர்த்து, 1844 டிசம்பர் 21ஆம் நாள் ஒரு சிறு கடையைத் திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, சில மெழுகுவத்திகள். அன்று அவர்கள் வைத்திருந்த சரக்கு இவ்வளவே. சந்தையைவிட மலிவாக விற்போம் என்று அவர்கள் சொல்லவில்லை. சந்தை விலைக்கே விற்போம். சரக்கு சுத்தமாகவும் எடை சரியாகவும் இருக்கும். மிஞ்சும் இலாபத்தை வாங்கிய அளவுக்கேற்பப் பகிர்வோம் என்றனர். உலகெங்கும் கூட்டுறவுப் பண்டகசாலைகளுக்கு இக்கடை முன்மாதிரியாயிற்று. நம் நாட்டில் 1904ஆம் ஆண்டில் தோன்றிய சென்னைத் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் இவ்வழி வந்ததே. ஆகவே, ‘எங்கே குறைந்த விலை?’ என்பது கூட்டுறவாளர் கேட்கும் முதற் கேள்வியன்று. ‘ஏன் குறைந்த விலை?’ என்பதே முதற் கேள்வி.

விலை குறைவதற்கு மூன்று காரணங்கள்

முதலாவது, தோற்றம். உடைந்த பருப்பு, குருணை, நிறம் மங்கிய வெல்லம் ஆகியவை கண்ணுக்கு அழகில்லாமையால் மலிகின்றன. சத்தில் அவற்றுக்குக் குறைவில்லை. குருணை கஞ்சிக்கும் உப்புமாவுக்கும் நன்கு பயன்படும். வெல்லத்தில் கருமை குறையன்று. வெளிறிய நிறத்துக்காக இரசாயனப் பொடி தூவிக் காய்ச்சிய வெல்லத்தைவிட அதுவே மேல். இன்னோர் எடுத்துக்காட்டு, அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1986ஆம் ஆண்டில் வெளிவந்த ஏ.எஸ்.டி. 16 என்னும் நெல். அதன் அரிசி குட்டையானது, பருத்தது. சன்ன அரிசி விரும்புவோர் அதனை ஒதுக்குவர். இட்லிக்கு அரைப்போரோ அதனையே தேடுவர்.

இரண்டாவது, செலவுக் குறைவு. விளம்பரமும் வண்ணப் பையும் இல்லாமையாலும், மொத்தமாக வாங்குவதாலும், இடைத்தரகர் இல்லாமையாலும் விலை குறையலாம். இக்குறைவு முழுவதும் வாங்குவோருக்கு இலாபம்.

மூன்றாவது, சரக்கின் கேடு. ஈரம், பழமை, பூச்சி, மண், கலப்படம் ஆகியவற்றால் வரும் மலிவு இது. முதலிரண்டையும் ஏற்க, மூன்றாவதைத் தள்ளுக. இம்மூன்றையும் பிரித்தறியும் திறமே இப்பாடத்தின் நோக்கம்.

தேறும் எடைக் கணக்கு

விலைப்பலகையில் காண்பது மூட்டைப் பொருளின் விலை. நாம் அறிய வேண்டுவது உண்ணத்தக்க பொருளின் விலை. கணக்குக்காக மூவகைத் துவரம்பருப்பை எடுத்துக்கொள்வோம். முதல் வகை கிலோ 150 ரூபாய். புடைத்தபின் தேறுவது 980 கிராம். இரண்டாம் வகை 138 ரூபாய். தேறுவது 880 கிராம். மூன்றாம் வகை உடைந்த பருப்பு, 132 ரூபாய்; தேறுவது 960 கிராம். விலையைத் தேறும் எடையால் வகுத்தால், உண்ணத்தக்க ஒரு கிலோவின் அடக்கம் முறையே ஏறத்தாழ 153, 157, 137.50 ரூபாய் ஆகிறது. நடுவில் நின்று மலிவாகத் தோன்றிய சரக்கே மூன்றிலும் விலை மிக்கது. உடைந்த பருப்போ உண்மையான சிக்கனம். பொறுக்கும் நேரமும் விறகோ எரிவாயுவோ ஆகும் செலவும் இக்கணக்கில் சேரவில்லை. சேர்த்தால் வேறுபாடு இன்னும் பெருகும்.

பருப்பு வேகாமைக்கு எப்போதும் சரக்கே காரணம் என்று முடிவு செய்துவிடலாகாது. வெப்பத்திலும் ஈரத்திலும் நெடுநாள் கிடந்த பருப்பு இறுகிப்போவது உண்மை. ஆனால் உப்புச் செறிந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரிலும் நல்ல பருப்பு வேகத் தாமதிக்கும். ஆகவே அதே பருப்பை ஆற்று நீரில் ஒரு பிடி, கிணற்று நீரில் ஒரு பிடி வேகவைத்துப் பார்த்தபின் குற்றம் சாட்டுக.

துவரையில் கேசரிப் பருப்பு கலந்திருத்தல் மட்டும் பொறுக்கத்தக்கதன்று. நெடுநாள் மிகுதியாக உண்போரின் கால்களை முடக்கக்கூடியது என்பதால் 1961ஆம் ஆண்டில் அதன் விற்பனைக்குத் தடை வந்தது. துவரம்பருப்பின் உருண்ட முதுகு அதற்கு இராது. ஒருபுறம் சரிந்து, ஆப்பு வடிவில் கோணலாயிருக்கும்.

எண்ணெயும் கருப்பட்டியும்: விலையே சாட்சி

கண்ணாலும் நாவாலும் அறிய இயலாத கலப்படமும் உண்டு. நல்லெண்ணெயில் மலிவான வேறு எண்ணெய் கலந்திருப்பின், வீட்டுச் சோதனையால் உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் கணக்கு பொய் சொல்லாது. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். செக்கில் எள்ளின் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு 40 பங்கு எண்ணெய் இறங்குகிறது என வைத்துக்கொண்டால், ஒரு லிட்டருக்குச் சுமார் 2 கிலோ 275 கிராம் எள் வேண்டும். எள் கிலோ 180 ரூபாயாயின் எள்ளுக்கே 409 ரூபாய்க்கு மேல் ஆகும். புண்ணாக்கு விற்ற வகையில் ஐம்பது ரூபாய் கழித்தாலும் சுமார் 360 ரூபாய் நிற்கும். ஆட்டுக்கூலியும் வண்டிச் சத்தமும் வேறு. இந்நிலையில் ஒருவர் 220 ரூபாய்க்குச் செக்கு நல்லெண்ணெய் தருகிறார் என்றால், அவர் வள்ளல் அல்லர். சீட்டைத் திருப்பிப் படியுங்கள்; ‘கலப்பு எண்ணெய்’ என்றோ ‘விளக்கேற்ற மட்டும்’ என்றோ சிறிய எழுத்தில் காணப்படலாம்.

கருப்பட்டிக்கும் இதுவே முறை. 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிப் பனங்கருப்பட்டி நம் பக்கத்துப் பொருள். பனையேறுவோர் குறைந்துவிட்ட இக்காலத்தில் பதனீரின் விலையும் காய்ச்சும் கூலியும் ஏறியுள்ளன. வெள்ளைச் சர்க்கரையை ஒட்டிய விலைக்குக் கருப்பட்டி கிடைத்தால், அதனுள் இருப்பது பெரும்பாலும் சர்க்கரையே என்று கொள்க.

மசாலைப் பொருள்கள்: நீர்ச் சோதனை

ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில் ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளை இடுக. தூய தூள் அடியில் படிய, நீர் இளமஞ்சளாக நிற்கும். சாயம் கலந்ததாயின் நீர் அடர்மஞ்சளாகும். மிளகாய்த்தூளை நீரின்மேல் தூவினால், சாயம் கலந்தது நிறக்கோடுகளாக இறங்கும். அடியில் படிந்ததை விரலால் தேய்க்கையில் நறநறத்தால் செங்கற்பொடியோ மணலோ இருக்கக்கூடும். மிளகை நீரில் இட்டால் முற்றிய மணிகள் அமிழும். பப்பாளி விதை மிதக்கும். எனினும் முற்றாத மிளகும் மிதக்குமாதலால், மிதப்பதைக் கடித்து வாசனை பார்த்த பின்னரே முடிவுக்கு வருக.

இச்சோதனைகளுக்கு ஓர் எல்லை உண்டு. எண்ணெயில் மட்டும் கரையும் சாயங்களை நீர் காட்டிக்கொடுக்காது. சோதனையில் தோற்ற சரக்கைத் தள்ளலாம். தோற்காத சரக்கு தூயது என்று சத்தியம் செய்ய இயலாது. இயன்றவரை முழு மல்லியும் முழு வற்றலும் வாங்கி, வெயிலில் காயவைத்து ஆலையில் திரித்துக்கொள்வதே பாதுகாப்பு.

பையின் மேல் எழுதியது

தள்ளுபடிக் கடைகளில் இரண்டு விஷயங்களை நோக்க வேண்டும். ஒன்று எடை. ஒரு லிட்டர்ப் பை போலவே தோன்றும் எண்ணெய்ப் பையில் 800 அல்லது 850 கிராமே இருக்கக்கூடும். ஆதலால் பையோடு பையை ஒப்பிடாமல், கிலோவுக்கோ லிட்டருக்கோ என்ன விலை என்று ஒப்பிடுக. மற்றொன்று நாள். ‘பெஸ்ட் பிஃபோர்’ என்பது தரம் குன்றாதிருக்கும் எல்லை. ‘எக்ஸ்பைரி’ அல்லது ‘யூஸ் பை’ என்பது அதற்குப்பின் உண்ணலாகாத எல்லை. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்னும்போது, அந்நாளுக்குள் இரண்டையும் நம் வீட்டில் செலவிட முடியுமா என்று எண்ணுக. முடியாதெனில் இலவசம் குப்பைக்கே போகும்.

நியாயவிலைக் கடை அரிசி

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடை அரிசி விலையின்றி வழங்கப்பட்டு வருகிறது. விலையில்லாப் பொருளாதலால் அதனை ஐயுறுவோர் பலர். ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று சில மணிகளைப் பொறுக்கி எறிந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். 2021ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி ரேஷன் அரிசியில் சேர்க்கப்பட்ட செறிவூட்டிய மணிகள் அவை. அரிசி மாவோடு இரும்புச்சத்து, போலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைச் சேர்த்து அரிசி வடிவில் ஆக்கியவை. நூறு மணிக்கு ஒன்று என்னும் அளவில் கலக்கப்பட்டவை. நிறமும் எடையும் சிறிது வேறுபடுவதால் நீரில் மிதக்கவும் கூடும். சோகைக்கு மருந்தாகச் சேர்த்ததைக் கலப்படம் என்று எறிவது, அறியாமையால் வரும் நட்டம். கலப்படத்தை நல்லதென்று உண்பதும், நல்லதைக் கலப்படமென்று எறிவதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள்.

சங்கத்தின் கடமை

அங்கத்தினர் தனித்தனியே சோதிப்பதைவிடச் சங்கமே சோதிப்பது எளிது. ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் மாதிரி எடுத்து, நாளும் விலையும் எழுதிய கண்ணாடிப் புட்டியில் அடைத்து மேசைமீது வைக்கலாம். மாதந்தோறும் இரு அங்கத்தினர், அவர்களுள் ஒருவரேனும் சமையல் அறிந்த பெண்மணியாக இருக்க, ஒரு கிலோவைப் புடைத்துத் தேறும் எடையைப் பலகையில் எழுதலாம். ஐயம் நீடித்தால், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் மாதிரியைச் சோதிக்கச் செய்யலாம். நம் மாவட்டத்தில் பாளையங்கோட்டையிலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக்கூடம் உள்ளது.

விளைவிப்போருக்கும் ஒரு சொல். உளுந்தையும் பயற்றையும் நன்கு உலர்த்தித் தூற்றிச் சங்கத்துக்குக் கொணர்வீர்களாயின், தேறும் எடை உயரும். அதற்கேற்ற விலையைக் கேட்க உங்களுக்கு உரிமையும் பிறக்கும். ஈரத்தையும் மண்ணையும் எடையில் சேர்த்து விற்றால், அதே மண் பண்டகசாலை வழியாக நெசவாளர் முறத்துக்கு வந்து சேரும்.

அந்தப் பண்டகசாலையில் அடுத்த கொள்முதலின்போது உடைந்த பருப்பைத் தேர்ந்தெடுத்தனர். மறுமுறை சென்றபோது ஆச்சியைக் கண்டு, “பருப்பு எப்படி ஆச்சி?” என்று கேட்டேன். தறிக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே, “வேகுது ஐயா” என்றார். என் தணிக்கைக் குறிப்புகளில் அதைவிட நல்ல சான்று எதுவும் இல்லை.

சங்கக் கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நம் பண்டகசாலையின் பருப்பு ஒரு கிலோவில் தேறும் எடை எவ்வளவு? உண்ணத்தக்க ஒரு கிலோவின் அடக்கம் என்ன?

2. சென்ற மாதம் மலிவாக வாங்கிய சரக்கு எது? அம்மலிவு மூன்று காரணங்களுள் எதனைச் சார்ந்தது?

3. இவ்வூரில் எள்ளின் இன்றைய விலையைக் கேட்டறிந்து, ஒரு லிட்டர் நல்லெண்ணெயின் அடக்க விலையைக் கணக்கிடுக.

4. மாதிரிப் புட்டிகளைப் பேணும் பொறுப்பை எந்த இரு அங்கத்தினர் ஏற்பர்?