முயற்சியா, முயற்ச்சியா? - அசை பிரித்து எழுத்துப்பிழை நீக்குதல்



கட்டுரை வினாவுக்கு நல்ல கருத்துகளை எழுதியும் எதிர்பார்த்த புள்ளிகளைப் பெறாத மாணவர் பலர் உளர். அவர்களது விடைத்தாள்களில் 'முயற்ச்சி', 'அதற்க்கு', 'தற்ப்போது' போன்ற பிழைகள் மீண்டும் மீண்டும் காணப்படும். இவை வெவ்வேறு பிழைகள் அல்ல. ஒரே பிழையின் பல வடிவங்களே. இதற்குரிய விதியை விளங்கிக்கொண்டால் அனைத்தையும் ஒருங்கே தவிர்க்கலாம்.

பிழை ஏன் நேர்கிறது?

'மகிழ்ச்சி', 'வளர்ச்சி' ஆகிய சொற்களில் 'ச்' உண்டு. எனவே 'முயற்சி' என்பதிலும் 'ச்' வரும் என எண்ணிவிடுகிறோம். காதால் கேட்டு மட்டும் இதனைத் தீர்மானிக்க முடியாது. சொல்லை அசைகளாகப் பிரித்து, முதல் அசை எவ்வாறு முடிகிறது என்று பாருங்கள்.

மகிழ்ச் / சி
வளர்ச் / சி
முயற் / சி
காட் / சி

முதலிரு சொற்களிலும் முதல் அசை இரண்டு ஒற்றுகளில் முடிகிறது. மற்றைய இரண்டிலும் ஓர் ஒற்றே உள்ளது.

விதி 1
ய், ர், ழ் என்பன இடையின மெய்கள். இவற்றை அடுத்து இன்னொரு மெய் வரலாம். இது ஈரொற்று மயக்கம் எனப்படும்.
உதாரணம்: காய்ச்சல், பார்த்தான், வாழ்க்கை, வாழ்ந்தான்.

விதி 2
ட், ற் என்பன வல்லின மெய்கள். இவற்றை அடுத்து இன்னொரு மெய் வராது, உயிர்மெய்யே வரும்.
உதாரணம்: நட்பு, வெட்கம், கற்க, ஏற்பாடு.

அடிச்சொல்லைக் கண்டறிதல்

எந்த ஒற்று வரும் என ஐயம் ஏற்பட்டால் அடிச்சொல்லை நினைவுகூருங்கள்.

(அ) அடிச்சொல் ய், ர், ழ் என முடிந்தால் அம்மெய் மாறாது, 'ச்சி' சேரும்.
ஆராய் - ஆராய்ச்சி
உணர் - உணர்ச்சி
வீழ் - வீழ்ச்சி

(ஆ) ல், ன் என்பன ற் ஆக மாறும்.
முயல் - முயற்சி
பயில் - பயிற்சி
அதன் + கு - அதற்கு


(இ) ள், ண் என்பன ட் ஆக மாறும்.
ஆள் - ஆட்சி
காண் - காட்சி

(ஆ), (இ) ஆகியவற்றில் அடிச்சொல்லின் இறுதி மெய்யே வல்லினமாக மாறிவிட்டது. ஆகவே இன்னொரு வல்லின மெய்க்கு அங்கே இடமில்லை.

'ர்' வருமா, 'ற்' வருமா?

இதற்கும் முதல் அசை உதவும். தனிக்குறிலை அடுத்து ர், ழ் ஆகிய மெய்கள் வருவதில்லை என்பது நன்னூல் கூறும் விதி. எனவே தமிழ்ச் சொல்லொன்றின் முதல் அசை 'தனிக்குறில் + ஒற்று' என அமைந்தால், அங்கு 'ற்' எழுத வேண்டும்.
உதாரணம்: விற்பனை, நிற்க, பொற்காலம்.

கவனிக்க: தர்மம், கர்வம், வர்ணம் முதலியன வடமொழிச் சொற்கள். இவ்விதி அவற்றுக்குப் பொருந்தாது.

நெடிலை அடுத்தும் இரு குறில்களை அடுத்தும் 'ர்', 'ற்' ஆகிய இரண்டுமே வரலாம் (பார்வை, ஏற்பாடு, உயர்வு, பயிற்சி). அவ்விடங்களில் அடிச்சொல்லே வழிகாட்டும். 'உயர்' என்பதிலிருந்து உயர்வு, 'பயில்' என்பதிலிருந்து பயிற்சி.

அப்பியாசம்

பின்வரும் பந்தியில் ஐந்து எழுத்துப்பிழைகள் உள்ளன. அவற்றைக் கண்டு திருத்தி எழுதுக.

"கிராமத்தின் வளர்சிக்கு இளைஞரின் முயற்ச்சி அவசியம். அதற்க்கு வாசிப்புப் பழக்கம் துணை செய்யும். எமது நூலகத்தில் தற்ப்போது பல ஆராய்சி நூல்கள் உள்ளன."

விடைகள்: வளர்ச்சிக்கு, முயற்சி, அதற்கு, தற்போது, ஆராய்ச்சி.

பரீட்சை மண்டபத்தில்

கட்டுரையை எழுதி முடித்ததும் இறுதி ஐந்து நிமிடங்களை ஒதுக்கிக்கொள்ளுங்கள். விடைத்தாளில் ட், ற் வரும் இடங்களை மட்டும் தேடுங்கள். அவற்றை அடுத்து இன்னொரு புள்ளியெழுத்து இருந்தால் அதனை வெட்டிவிடுங்கள். பின்னர் 'சி' என முடியும் சொற்களைப் பார்த்து, அடிச்சொல்லை ஒருமுறை மனதிற்குள் சொல்லிப் பாருங்கள். நீங்கள் சிந்தித்து எழுதிய கருத்துகளுக்குரிய புள்ளிகளை ஒரு தேவையற்ற ஒற்றினால் இழக்க வேண்டியதில்லை.