ஆக்சிஜன் கருவியின் வடிகட்டியும் உப்புக் காற்றும்

நாள்பட்ட நுரையீரல் நோயுடையோர் சிலர், வீடு திரும்பிய பின்னரும் ஆக்சிஜன் செறிவூட்டியின் துணையோடுதான் மூச்சு விடுகின்றனர். சிலிண்டரைப் போல இக்கருவி ஆக்சிஜனைச் சேமித்து வைப்பதில்லை. அறைக் காற்றை இழுத்து, அதில் 78 விழுக்காடாக உள்ள நைட்ரஜனை ஜியோலைட் மணிகளில் பிடித்து நிறுத்தி, ஏறத்தாழ 90 விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜன் உள்ள காற்றைத் தருகிறது. அந்த மணிகளுக்கு ஈரம் ஆகாது.

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய வீடுகளில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கடற்காற்று நுண்ணிய உப்புத் துகள்களைச் சுமந்து வருகிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு நீர்கோத்துக் கசியும். மழைநாளில் உப்பு ஜாடியில் நாம் காண்பதும் இதுவே. கருவியின் பின்புறம் அல்லது பக்கவாட்டில் உள்ள பஞ்சு வடிகட்டியில் இந்த உப்பும் தூசியும் சேர்ந்து பசைபோல் படிகின்றன. உதறினால் அது போகாது.

வாரம் ஒருமுறை கருவியை நிறுத்தி, மின்இணைப்பை நீக்கிய பின் பஞ்சைக் கழற்றி, மென்மையான சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். கடலோரக் கிணற்று நீர் பல இடங்களில் உவர்நீராதலால், கடைசி அலசலுக்குக் குடிநீரையே பயன்படுத்துங்கள். இல்லையேல் நீக்கிய உப்பை நாமே மீண்டும் ஏற்றியவர்களாவோம். துணியில் ஒற்றி, வீட்டுக்குள் நிழலில் முழுவதும் உலர விடுங்கள். ஈரப் பஞ்சைப் பொருத்துவது அழுக்குப் பஞ்சை விட்டுவைப்பதினும் கேடு. மாற்றுப் பஞ்சு ஒன்று கைவசமிருந்தால் நோயாளர் காத்திருக்க நேராது. சில கருவிகளில் கழுவத்தக்க பஞ்சு இராது, கையேட்டைப் பாருங்கள்.

வடிகட்டி அடைபட்டால் கருவி சூடேறும். ஆக்சிஜனின் தூய்மை குறையும். அப்போது நோயாளர் மூச்சுத் திணறுவதைக் கண்டு, வீட்டார் லிட்டர் அளவைத் தாமாகவே கூட்டிவிடுகின்றனர். இது ஆபத்தானது. சில நுரையீரல் நோயாளருக்கு மிகையான ஆக்சிஜன், இரத்தத்தில் கரியமில வாயுவைப் பெருக்கி, மயக்கத்தில் ஆழ்த்திவிடும். திணறலோடு உதடு நீலம்பாரித்தாலோ, பேச்சுக் குழறினாலோ, வழக்கத்துக்கு மாறாக உறங்கினாலோ, பஞ்சைக் கழற்றிப் பார்த்துக் கொண்டிராமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

கருவியைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள். அந்த அறையில் கொசுவத்தி, ஊதுவத்தி, விளக்கு எதுவும் கூடாது. புகை மட்டுமன்று, தீப்பற்றும் அபாயமும் உண்டு.

உள்ளே இருக்கும் நுண் வடிகட்டியைக் கழுவலாகாது. அதைப் பழுதுநீக்குநர்தாம் மாற்ற வேண்டும். அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வருகையில், கருவியிலுள்ள மணிக்கணக்கு எண்ணைக் குறித்து வாருங்கள்.