செயலியும் உலாவியும்: இரு கதவுகள்

கைப்பேசிச் செயலியிலிருந்து வெளியேறியதும் கணக்கு பாதுகாப்பாகிவிட்டது என எண்ணுகிறோம். உலாவியில் திறந்த கணக்கு அதனால் மூடப்படுவதில்லை. உள்நுழைந்தவரை இணையதளம் அடையாளம் காண உதவும் சிறு தரவே குக்கீ. ஆண்ட்ராய்டில், செயலிக்குள் 'வெப்வியூ' வழியே திறக்கும் பக்கத்தின் குக்கீ அச்செயலியிடமே தங்கும்; குரோம் உலாவிக்கு அது கிட்டாது. குரோமின் 'கஸ்டம் டேப்' வழியே திறக்கும் பக்கமோ உலாவியின் குக்கீகளையே பயன்படுத்தும். அதில் உள்நுழைந்தால், செயலியை மூடிய பின்னும் உலாவியில் கணக்கு திறந்தே இருக்கக்கூடும். பார்வைக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். ஐபோனில் 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல், செயலிக்குள் விரியும் சஃபாரி பக்கத்தின் குக்கீகள் தனியே வைக்கப்படுகின்றன. எனவே, கைப்பேசியைப் பழுதுபார்க்கக் கொடுக்குமுன் செயலி, உலாவி இரண்டிலிருந்தும் தனித்தனியே வெளியேறுவோம்.